வாக்குப்பதிவு முடிந்த பிறகு சமூக வலைதளங்களில் நடப்பது என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசாரம் ஓய்ந்ததும் சமூக வலைதளங்களும் ஓய்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வாக்காளர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. பிரசார மேடையில் யார் எதைச் சொன்னாலும் அது வாக்குக் கேட்கும் பேச்சு என்று நமக்குத் தெரியும். தேர்தல் முடிந்த பிறகு அதே கட்சிக் குரல் செய்தி போலவும், அரசு அறிவிப்பு போலவும், நன்றியுரை போலவும் நம் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. எதை யார், எதற்காகச் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க உதவும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

வாக்களித்தாகிவிட்டது. இனி யாரைக் கவர இவ்வளவு பதிவுகள்?

சொந்தக் கட்சிக்காரர்களை முதலில். தோற்ற கட்சி தொண்டர்கள் கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெயித்த கட்சியில் அமைச்சர் பதவிக்கு ஆசைப்படுகிறவர்கள் தங்களால்தான் வெற்றி கிடைத்தது என்று தலைமைக்குக் காட்ட வேண்டும். யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் கூட்டணிப் பேரத்தில் பாதி பொதுவெளியிலேயே நடக்கும். "மக்களின் தீர்ப்பை மதித்து நல்ல முடிவெடுப்போம்" என்று ஒரு சிறிய கட்சித் தலைவர் எழுதுகிறார் என்றால் அது வாக்காளருக்கு எழுதியது அல்ல. அவரை இன்னும் அழைத்துப் பேசாத பெரிய கட்சிக்கு அனுப்பிய தகவல் அது.

வெற்றிச் செய்தியைத் தலைவர்கள் தாங்களேவா எழுதுகிறார்கள்?

பெரும்பாலும் இல்லை. 2012 நவம்பர் 6 இரவு பராக் ஒபாமாவின் ட்விட்டர் கணக்கில் "இன்னும் நான்கு ஆண்டுகள்" என்ற பொருளில் மூன்றே சொற்களுடன் ஒரு படம் வந்தது. மனைவி மிஷேலை அவர் அணைத்துக்கொண்டிருக்கும் படம். அந்தக் காலத்தில் அதிகம் பகிரப்பட்ட ட்வீட் அதுதான். வெற்றி பெற்ற கணத்தில் எடுத்தது போலத் தோன்றும் அந்தப் படம், ஆகஸ்ட் மாதம் அயோவா மாகாணத்தில் பிரசாரத்தின்போது எடுத்தது. பிரசாரக் குழுவினர் அதைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டார்கள்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் நாம் உணர்ச்சிவசப்படும் நொடிக்கு என்று ஒரு படத்தையும் வாசகத்தையும் தேர்ந்தெடுக்கத் தனிக் குழு வேலை செய்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 2014 மே 16 அன்று, வாக்கு எண்ணிக்கை நாளிலேயே, "இந்தியா வென்றுவிட்டது" என்று நரேந்திர மோடி போட்ட ட்வீட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கட்சி ஜெயித்ததை நாடு ஜெயித்ததாகச் சொல்லும் வாசகம் அது. உலகம் முழுவதும் வெற்றியாளர்கள் எடுக்கும் முதல் அடி இதுதான்.

2024 பிப்ரவரியில் பாகிஸ்தானில் இது இன்னொரு படி போனது. முன்னாள் பிரதமர் இம்ரான் கான் சிறையில் இருந்தார். வாக்குப்பதிவு முடிந்து ஓரிரு நாளில் அவருடைய குரலிலேயே வெற்றியுரை வெளியானது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய குரல். அவருடைய கட்சி அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த உரையை வெட்டி ஒட்டி அனுப்பும் ஒவ்வொருவரும் "இது உருவாக்கப்பட்ட குரல்" என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்புவார்களா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

எண்ணிக்கை நாளில் வரும் "முன்னிலை" எண்களை எவ்வளவு நம்பலாம்?

எந்தப் பெட்டி முதலில் எண்ணப்பட்டது என்று தெரியாதவரை, கொஞ்சமாகத்தான். முன்னிலை என்பது அதுவரை எண்ணியவற்றில் யார் மேலே இருக்கிறார் என்பது மட்டுமே. தபால் வாக்குகள் முதலில் எண்ணப்பட்டால் ஒரு சித்திரம் கிடைக்கும். கடைசியில் எண்ணப்பட்டால் வேறு சித்திரம். நகரப் பகுதிகள் முதலில் வந்தால் ஒன்று, கிராமங்கள் வந்தால் இன்னொன்று.

இதை 2020 அமெரிக்க அதிபர் தேர்தலைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடையாது. பென்சில்வேனியா மாகாணச் சட்டப்படி, தபாலில் வந்த வாக்குகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன்பு பிரிக்கவே கூடாது. நேரில் வந்து போட்ட வாக்குகள் வேகமாக எண்ணப்பட்டன. தேர்தல் இரவில் டிரம்ப் பல லட்சம் வாக்குகள் முன்னிலையில் இருந்தார். அடுத்தடுத்த நாட்களில் தபால் வாக்குகள் சேரச் சேர அந்த முன்னிலை கரைந்தது. கடைசியில் பைடன் சுமார் 80,000 வாக்கு வித்தியாசத்தில் அந்த மாகாணத்தை வென்றார். கரோனா காலத்தில் பைடனின் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் தபாலில் அதிகமாக வாக்களித்திருந்தார்கள் என்பதால் இப்படி நடக்கும் என்று தேர்தலுக்கு முன்பே பலரும் எழுதியிருந்தார்கள். ஆனாலும் அந்த முதல் இரவின் ஸ்கிரீன்ஷாட்தான் "ராத்திரியோடு ராத்திரியாக வாக்கைத் திருடிவிட்டார்கள்" என்ற பிரசாரத்துக்கு மூலதனமானது. படம் உண்மை. எண்ணும் உண்மை. அதை வைத்துச் சொன்ன கதைதான் பொய்.

எனவே முன்னிலை எண்ணைப் பார்த்தால் கூடவே மூன்றைத் தேடுங்கள்: எத்தனையாவது சுற்று, மொத்தம் எத்தனை சுற்று, எந்த நேரத்து நிலவரம். இந்த மூன்றும் இல்லாத நியூஸ் கார்டை (செய்தியை எழுதிய படத்தை) பகிர வேண்டாம்.

தேர்தல் ஆணையம் அறிவிக்கும் முன்பே செய்தி நிறுவனங்கள் வெற்றியாளரை அறிவிப்பது சரியா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் சேர்த்து அன்று இரவே முடிவைச் சொல்லும் ஒரே ஆணையம் கிடையாது. அந்த இடத்தைச் செய்தி நிறுவனங்கள் நிரப்புகின்றன. அசோசியேட்டட் பிரஸ் 1848 முதல் அந்த நாட்டில் வாக்குகளைத் திரட்டிச் சொல்லி வருகிறது. பின்தங்கியவர் இனி எட்டிப் பிடிக்க வழியே இல்லை என்று தெரிந்த பிறகே வெற்றியாளர் பெயரைச் சொல்வது அதன் வழக்கம்.

அப்படியும் பிசகும். 2000 அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாகாணத்தை முதலில் அல் கோர் வென்றதாக அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அறிவித்தன; பின்வாங்கின; நள்ளிரவுக்குப் பிறகு புஷ் வென்றதாக அறிவித்தன; அதையும் பின்வாங்கின. இறுதி வித்தியாசம் 537 வாக்குகள். 2020இல் அரிசோனா பைடனுக்கே என்று ஃபாக்ஸ் நியூஸ் அன்றிரவே சொல்லிவிட்டது. முடிவு அப்படியே அமைந்தது, ஆனால் வித்தியாசம் 10,457 வாக்குகள் மட்டுமே. மற்ற பெரிய தொலைக்காட்சிகள் ஒரு வாரத்துக்கும் மேல் காத்திருந்தன. காத்திருந்தவர்களைத்தான் நான் மதிக்கிறேன்.

2022 ஆகஸ்ட் 9 அன்று கென்யாவில் நடந்த அதிபர் தேர்தல் வேறொரு பாடம். 46,000-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் முடிவுப் படிவங்களைத் தேர்தல் ஆணையம் படமெடுத்துத் தன் இணையதளத்தில் போட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிக் கூட்டிப் பார்க்கலாம். ஒளிவுமறைவில்லாத, அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு ஊடகமும் வெவ்வேறு வரிசையில் படிவங்களை எடுத்துக் கூட்டியதால், ஒரே நேரத்தில் ஒரு சேனலில் ஒருவரும் இன்னொரு சேனலில் மற்றவரும் முந்திக்கொண்டிருந்தார்கள். இரு தரப்பு ஆதரவாளர்களும் தங்களுக்குப் பிடித்த சேனலின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துப் பரப்பினார்கள். ஊடகங்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரே முறையில் கூட்டியிருந்தால் அந்தப் பதற்றத்தைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம். ஆகஸ்ட் 15 அன்று வில்லியம் ரூட்டோ வென்றதாக ஆணையம் அறிவித்தது. செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

செய்தி நிறுவனம் தவறாகப் போட்ட முடிவை அழித்துவிட்டால் போதாதா?

போதாது. அழிப்பதற்குள் அது ஆயிரம் பேரின் கைப்பேசியில் படமாகியிருக்கும். அந்த ஆயிரம் பேருக்கும் "ஏதோ அழுத்தத்தால் அழித்துவிட்டார்கள்" என்ற சந்தேகம்தான் மிஞ்சும். முறையான வழி இது: தவறான பதிவின் கீழேயே திருத்தத்தைப் போட வேண்டும், தனிப் பதிவாகவும் போட வேண்டும், என்ன தவறு, எத்தனை மணிக்குத் திருத்தினோம் என்று எழுத வேண்டும். பழைய பதிவை எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுத்துவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். பிரேக்கிங் போடும்போது காட்டும் அதே பெரிய எழுத்தைத் திருத்தத்துக்கும் காட்டும் நிறுவனத்தை நம்பலாம்.

சேனல் லோகோவுடன் வரும் நியூஸ் கார்டு போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேர்தலுக்குப் பிந்தைய வாரங்களில் மிக அதிகமாகப் பரவும் பொய் வடிவம் இதுதான். "மறு வாக்குப்பதிவுக்கு உத்தரவு", "அமைச்சரவையில் இவருக்கு இடமில்லை", "தோல்விக்கு இவரே காரணம் என்று தலைவர் பேட்டி" என்று எதையும் ஒரு கார்டில் எழுதிவிடலாம். பழைய கார்டை எடுத்து எழுத்தை மட்டும் மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாருங்கள். அந்த சேனல் வழக்கமாகப் பயன்படுத்தும் எழுத்துருதானா? தேதி இருக்கும் இடத்தில் பின்னணி நிறம் சற்று வெளிறியோ திட்டாகவோ இருக்கிறதா? பழைய தேதியை அழித்துப் புதியதை எழுதினால் அந்தத் தடம் பெரும்பாலும் தங்கிவிடும். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை வழக்கத்தைவிட அதிகமா? வரிகளுக்கு இடையே இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா? இவை எல்லாம் சந்தேகத்துக்கு மட்டும்தான். முடிவுக்கு வர ஒரே வழி, அந்த சேனலின் அதிகாரபூர்வப் பக்கத்துக்கே போய் அந்தத் தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பார்ப்பது. தலைவர் சொன்னதாக வரும் வாசகம் என்றால், அவர் பேசிய காணொளியையும் தேடுங்கள். அத்தனை பெரிய செய்தி ஒரே ஒரு கார்டில் மட்டும் இருந்து வேறெங்கும் இல்லையென்றால், அது நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கலவரம், கொண்டாட்டம் என்று வரும் காணொளிகளிலும் இதே எச்சரிக்கை தேவை. அவற்றில் பல வேறு ஆண்டு, சில சமயம் வேறு நாடு. காணொளியில் ஒரு காட்சியை நிறுத்திப் படமாக எடுத்து, படத் தேடலில் போட்டுப் பார்த்தால் பழைய பதிவு அகப்பட்டுவிடும்.

தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் எழுதிக்கொண்டே இருந்தால்?

வழக்குத் தொடுப்பது அவருடைய உரிமை. மறு எண்ணிக்கை கேட்பதும் உரிமை. ஆதாரத்தை நீதிமன்றத்தில் காட்டாமல் தொண்டர்களிடம் மட்டும் காட்டுவதுதான் ஆபத்து.

டிரம்ப் 2020 தேர்தலுக்குப் பிறகு வாரக்கணக்கில் அதைச் செய்தார். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது. ஜனவரி 8 அன்று ட்விட்டர் அவருடைய கணக்கை முடக்கியது. பிரேசிலில் 2022 அக்டோபர் 30 அன்று தோற்ற அதிபர் போல்சனாரோ ஏறக்குறைய இரண்டு நாட்கள் வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தை ஆதரவாளர்கள் தங்களுக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொண்டார்கள். 2023 ஜனவரி 8 அன்று தலைநகரில் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், அதிபர் மாளிகை மூன்றுக்குள்ளும் கூட்டம் புகுந்தது. இரண்டே நாளில் தேர்தல் முடிவைச் சந்தேகிக்கும் ஒரு காணொளியைப் போல்சனாரோ ஃபேஸ்புக்கில் பகிர்ந்து, சில மணி நேரத்தில் அழித்துவிட்டார். அழித்தும் அது விசாரணைக்குப் போனது.

இங்கே செய்தி நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. "முறைகேடு நடந்தது: தலைவர் குற்றச்சாட்டு" என்று தலைப்பிட்டு, ஆதாரம் எதுவும் தரவில்லை என்பதை எட்டாவது பத்தியில் எழுதினால், பகிர்கிறவர் படிப்பது தலைப்பை மட்டும்தான். "ஆதாரம் தராமல்" என்ற இரண்டு சொற்கள் தலைப்பிலேயே இருக்க வேண்டும்.

ஃபேஸ்புக், டிக்டாக் போன்ற நிறுவனங்கள் எதுவும் செய்வதில்லையா?

செய்வார்கள், அவர்கள் விரும்பும்போது. 2020 அமெரிக்கத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்ததும் அரசியல் விளம்பரங்களை ஃபேஸ்புக் நிறுத்தியது. ஜார்ஜியா மாகாண இரண்டாம் சுற்றுத் தேர்தலுக்கு இடையில் விலக்கு அளித்ததைத் தவிர, 2021 மார்ச் வரை அந்தத் தடை நீடித்தது. அதே அக்கறையை எல்லா நாட்டுத் தேர்தலுக்கும் காட்டினார்களா என்றால் இல்லை. சிறிய நாடுகளிலும், ஆங்கிலம் அல்லாத மொழிகளிலும் கண்காணிப்பு மெலிதாகவே இருக்கிறது. தமிழில் எழுதும் நமக்கு இது நேரடிக் கவலை.

ருமேனியாவில் விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2024 நவம்பர் 24 அன்று நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், பிரசாரத்துக்குச் செலவே செய்யவில்லை என்று கணக்குக் காட்டிய ஒருவர் டிக்டாக் வழியாகப் புகழ்பெற்று முதலிடம் பிடித்தார். டிசம்பர் 6 அன்று, இரண்டாம் சுற்றுக்கு இரண்டு நாள் முன்பு, அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. டிசம்பர் 17 அன்று ஐரோப்பிய ஆணையம் டிக்டாக் மீது முறையான விசாரணையைத் தொடங்கியது. 2025 மே மாதம் மறுதேர்தல் நடந்தது. மக்கள் போட்ட வாக்கை ரத்து செய்வது மிகக் கடைசி மருந்து. அந்த நிலைக்கு வருமுன் விளம்பரக் கணக்குகளையும் போலிக் கணக்குகளையும் தளங்களே வெளிப்படையாகக் காட்டியிருக்க வேண்டும்.

ஆட்சி மாறினால் அரசுக் கணக்கு யாருக்குச் சொந்தம்?

பதவிக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. ஆனால் இது ஆரம்பத்தில் யாருக்கும் தெளிவாக இல்லை. 2014 மே மாதம் இந்தியாவில் ஆட்சி மாறியபோது, வெளியேறும் பிரதமர் அலுவலகம் தன் ட்விட்டர் கணக்கை ஆவணக் கணக்காகப் பெயர் மாற்றியது. பெயரைப் புதிய அலுவலகத்துக்கு எப்படி ஒப்படைப்பது என்று சில நாள் சர்ச்சை ஓடி, பிறகு தீர்ந்தது. அமெரிக்காவில் 2017இல் அதிபர் கணக்கு கைமாறியபோது அதைப் பின்தொடர்ந்தவர்களும் சேர்ந்தே கைமாறினார்கள். ஒபாமா காலப் பதிவுகள் தனிக் கணக்கில் ஆவணமாயின. 2021இல் பின்தொடர்பவர்களை மாற்றித் தராமல், புதிய அதிபர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கட்டும் என்று ட்விட்டர் முடிவெடுத்தது. ஒரு தனியார் நிறுவனம் இப்படி மாற்றி மாற்றி முடிவெடுக்கும் நிலை எனக்குச் சம்மதமில்லை. நாற்காலியும் கோப்புகளும் எப்படி ஒப்படைக்கப்படுகின்றனவோ, அப்படியே கணக்கும் கடவுச்சொல்லும் சட்டப்படி ஒப்படைக்கப்பட வேண்டும். பழைய பதிவுகள் ஒன்றுகூட அழியக் கூடாது.

பெரிய ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. புதிய அமைச்சர் அரசு அறிவிப்புகளைத் துறையின் கணக்கில் போடாமல், தன் சொந்தக் கணக்கில் மட்டும் போடுகிறார். மக்கள் தகவலுக்காக அங்கே போய்ச் சேர்கிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கூட்டம் முழுவதும் அடுத்த பிரசாரத்துக்குத் தயாராக இருக்கும்.

பதவியில் இருப்பவர் என்னை பிளாக் செய்யலாமா?

பெரும்பாலான நாடுகளில் இதற்குத் தெளிவான சட்டம் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஓர் அளவுகோல் சொன்னது: அரசின் சார்பில் பேசும் அதிகாரம் அவருக்கு உண்மையில் இருந்து, அந்தப் பதிவில் அவர் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினால், அது அரசின் செயல், அங்கே கருத்துக்காக ஒருவரை விலக்கினால் கேள்வி கேட்கலாம். குடும்பப் படம் போடும் பக்கம் என்றால் அது அவர் விருப்பம்.

பிரசாரத்தில் எழுதியதை ஜெயித்த பிறகு அழித்துவிட்டால்?

நீங்கள் சேமித்து வைத்திருந்தால் அழியாது. நெதர்லாந்தில் 2010இல் தொடங்கிய பாலிட்வூப்ஸ் என்ற முயற்சி, அரசியல்வாதிகள் அழித்த ட்வீட்களைத் திரட்டிப் பல நாடுகளில் வெளியிட்டது. 2015இல் ட்விட்டர் அதன் இணைப்பைத் துண்டித்தது. எதிர்ப்பு வந்து ஆண்டு இறுதியில் திருப்பித் தந்தது. இன்று அப்படியொரு சேவையை நம்பி இருக்க முடியாது. வாக்குறுதி பற்றிய முக்கியமான பதிவைப் பார்த்தால் அதன் இணைப்பை இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டைப் போலி என்று தட்டிக்கழிப்பது எளிது. தேதியோடு காப்பகத்தில் இருப்பதை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

எல்லா மாற்றமும் தப்பு அல்ல. 2019 மே 23 அன்று முடிவு வந்ததும் மோடி தன் ட்விட்டர் பெயரிலிருந்து "சௌகிதார்" (காவலாளி) என்ற அடைமொழியை எடுத்தார். 2024 ஜூன் 11 அன்று, ஆதரவாளர்கள் தங்கள் பெயரோடு சேர்த்திருந்த "மோடியின் குடும்பம்" என்பதை நீக்கிவிடலாம் என்று கேட்டுக்கொண்டார். தேர்தல் வேடத்தை நாளும் நேரமும் சொல்லி எல்லார் முன்பாகவும் கலைப்பது நேர்மையானது. வாக்குறுதியைச் சத்தமில்லாமல் அழிப்பது அப்படியல்ல.

முடிவு வரும் நேரத்தில் அரசே இணையத்தை முடக்கினால்?

வதந்தியைத் தடுக்க என்றுதான் காரணம் சொல்வார்கள். உண்மையில் முதலில் தடைபடுவது வாக்குச்சாவடிப் படிவங்களைப் படமெடுத்து அனுப்பும் முகவர்களின் வேலை. ஆப்பிரிக்க நாடான கபோனில் 2023 ஆகஸ்ட் 26 அன்று வாக்குப்பதிவு நாளிலேயே இணையம் துண்டிக்கப்பட்டது. நான்கு நாளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகுதான் திரும்ப வந்தது. பாகிஸ்தானில் 2024 பிப்ரவரி 8 வாக்குப்பதிவு நாளில் கைப்பேசிச் சேவை நிறுத்தப்பட்டது. முறைகேட்டுப் புகார்கள் சூடுபிடித்த பிப்ரவரி 17 முதல் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளமும் முடங்கியது. வதந்திக்கு மாற்று, உண்மையை வேகமாக வெளியிடுவது மட்டுமே.

வாட்ஸ்அப் குழுவில் வருவதை என்ன செய்வது?

இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பலமுறை ஃபார்வர்ட் ஆன செய்தி என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். தவறு என்று தெரிந்தால் அதே குழுவில், அனுப்பியவரை அவமதிக்காமல், சரியான இணைப்பைப் போடுங்கள். சொந்தக்காரர் அனுப்பியது என்று சும்மா விட்டால் அது அடுத்த குழுவுக்குப் போய்விடும்.

தலைவரின் ட்வீட்டையே முழுச் செய்தியாகப் போடுகிறார்களே, ஏன்?

செலவில்லை, வேகம் அதிகம், கிளிக் கிடைக்கும். தேர்தல் வாரத்தில் செய்தியாளர்கள் களைத்திருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் இதனால் கேள்வி கேட்கும் பழக்கமே போய்விடுகிறது. செய்தியாளர் சந்திப்பு நடத்தாமல் பதிவு மட்டும் போட்டாலே தலைப்புச் செய்தி ஆகலாம் என்றால், எந்தத் தலைவர் கேள்விக்கு வந்து உட்காருவார்?

ஊடகங்கள் தளங்களையே நம்பி இருப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கனடாவில் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, 2023 ஆகஸ்ட் முதல் மெட்டா நிறுவனம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளையே தடுத்துவிட்டது. 2025 ஏப்ரல் 28 பொதுத்தேர்தலின்போதும் அந்தத் தடை இருந்தது. தலைவர்களின் பதிவுகள் அங்கே தாராளமாகக் கிடைத்தன. அவற்றைச் சரிபார்த்து எழுதிய செய்திகள் கிடைக்கவில்லை. உங்களுக்கு நம்பிக்கையான செய்தித் தளங்களின் முகவரியை உலாவியில் சேமித்து, நேராக அங்கேயே போய்ப் படியுங்கள்.

புதிதாக ஜெயித்தவரின் பக்கத்தில் கோரிக்கை எழுதினால் பலன் உண்டா?

உண்டு, முதல் சில மாதங்கள் வரை. பெயர் வாங்க வேண்டிய காலம் என்பதால் பதில் வேகமாக வரும். ஆனால் கமெண்டில் வைத்த கோரிக்கை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பக்கத்தை நிர்வகிக்கும் குழு மாறினால் அதுவும் போச்சு. முதலில் எழுத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். பிறகு அந்த எண்ணையும் தேதியையும் போட்டு அவருடைய பக்கத்தில் எழுதுங்கள். "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வந்தால், அதையும் சேமித்துக்கொண்டு முப்பது நாள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் கேளுங்கள்.